புதுப்பிப்பு: விடாத நெஞ்சு வலி, டிரெட்மில் சோதனையில் 'எல்லைக்கோட்டு' முடிவு – காரணம் தெரிந்துவிட்டது

3 மாதமாக இடப்பக்க நெஞ்சில் வலி, டிரெட்மில் சோதனை (ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்ப்பது) முடிவோ இரண்டுங்கெட்டான் என்று இங்கே புலம்பியிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

இதய ரத்தக்குழாய்களை ஸ்கேன் செய்து பார்க்கும் சி.டி. ஆஞ்சியோகிராமில் அடைப்பு எதுவும் இல்லை. அந்தக் குழாய்களில் கால்சியம் படிந்திருக்கிறதா என்று காட்டும் கால்சியம் மதிப்பெண் 0. டிரெட்மில்லில் ஈ.சி.ஜி. கோட்டின் ஒரு பகுதி (எஸ்.டி. என்பார்கள்; அது தாழ்ந்தால் இதயத்துக்கு ரத்தம் போதவில்லையோ என்று சந்தேகிப்பார்கள்) 1 மி.மீ. தாழ்ந்ததுதான் அத்தனை கலவரத்துக்கும் காரணம். பெண்களை இந்தச் சோதனை பொய்யாக மிரட்டுவது சற்று அதிகமாம். முன்பே சொல்லியிருக்கலாம்!

"நெஞ்செலும்பின் ஓரத்தை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். விலா எலும்பு வந்து சேரும் இடத்தில் மருத்துவர் கட்டைவிரலை வைத்தார், துள்ளிவிட்டேன். அதே வலி. விலாக் குருத்தெலும்பு அழற்சி, அதாவது விலா எலும்பை நெஞ்செலும்போடு இணைக்கும் மெல்லெலும்பில் வரும் அழற்சி என்றார். ஆனால் அழுத்தினால் வலிக்கிறது என்பதற்காக மட்டும் இதயத்தில் கோளாறில்லை என்று முடிவுகட்டக் கூடாது, அதனால்தான் முதலில் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன் என்றும் சொன்னார்.

எதிர்பாராத சங்கதி: இதைக் கிளப்பிவிட்டது, நான் மறந்தே போயிருந்த இரண்டு வார வறட்டு இருமலாக இருக்கலாம் என்கிறார். அழற்சி குறைக்கும் மாத்திரையும் ஓய்வுமாக ஐந்து வாரத்தில் முக்கால்வாசி குறைந்துவிட்டது. தும்மினால் மட்டும் இன்னும் சுருக்கென்கிறது.