கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணில் மறுபடியும் மூட்டம், விட்டமின் மாத்திரை தடுக்குமா?

கோபி தோட்டக்காரன்:
எங்கள் அப்புச்சிக்குப் போன வருசம் வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். அப்புறம் பஸ் முக்கு திரும்பும்போதே போர்டைப் படித்துச் சொன்னவர், இப்போது பஸ் வந்து நின்ற பிறகும் எந்த ஊர் வண்டி என்று கண்டக்டரைக் கேட்கிறார். ராத்திரி எதிரே வரும் லைட் சிதறித் தெரிகிறதாம். மெடிக்கலில் விட்டமின் ஏ, ஈ மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள், விட்டமின் ஏ-யிலிருந்து எடுத்த மருந்து இதைத் தடுக்கும் என்று ஒரு வீடியோவிலும் பார்த்தேன். அடுத்து இடது கண்ணுக்கும் ஆபரேஷன். முன்கூட்டியே கொடுக்கலாமா?

ஈரோடு ஆப்டோமெட்ரி:
மாத்திரை வேண்டாங்க. புரையை எடுக்கும்போது அதன் மெல்லிய பையை விட்டுவைத்து, அதற்குள்தான் புது லென்ஸை வைப்பார்கள். பையில் ஒட்டியிருக்கும் மிச்ச செல்கள் பெருகிப் பின்சுவரில் படர்ந்தால் அந்தச் சுவர் மங்கிவிடும், லென்ஸ் கெட்டுப்போவதில்லை. வீடியோவில் சொன்னது ரெட்டினாயிக் அமிலமாக இருக்கும். அது விட்டமின் ஏ-யிலிருந்து வருவது, இந்தச் செல்களை அடக்குமா என்று ஆய்வகத்திலும் முயல் கண்ணிலும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கண்ணுக்குள்ளேயே மருந்தை வைத்துச் செய்கிற சோதனை அது, விழுங்குகிற மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இப்போதைக்குத் தடுப்பது லென்ஸும் சர்ஜனின் கையும்தான்: பின்விளிம்பு சதுரமாக வெட்டிய லென்ஸ் செல்களை உள்ளே நகரவிடாது, மிச்சத்தை நன்றாக உறிஞ்சி எடுப்பதும் உதவும். இடது கண்ணுக்கு என்ன லென்ஸ் வைக்கிறார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

காங்கேயம் மாப்பிள்ளை:
எங்கள் மாமியாருக்கும் இதேதான். யாக் லேசர் அடித்தார்கள். சொட்டு மருந்து விட்டு, மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி, பின்சுவரின் நடுவில் சின்னதாகத் திறப்பு போட்டார்கள், வலி இல்லை, ஊசி இல்லை, அன்றைக்கே வீடு. கொஞ்ச நாள் கண்ணுக்குள் பூச்சி பறப்பதுபோல் இருந்தது. ஆனால் புள்ளிகள் திடீரென்று அதிகமானாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை விழுந்ததுபோல் தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும், விழித்திரை பிரிந்திருக்கலாம்.

கோபி தோட்டக்காரன்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். அப்புச்சிக்குச் சர்க்கரை உண்டு, பீடியும் விடவில்லை. சத்து மாத்திரைதானே, சும்மா கொடுத்தால் என்ன கெடுதல்?

ஈரோடு ஆப்டோமெட்ரி:
பீடி குடிப்பவர் என்றால் கண்டிப்பாக வேண்டாம். பல கண் மாத்திரைகளில், உடம்பில் விட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் இருக்கும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1994இல் வந்தது, கொடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடித்தான் இருந்தது. விட்டமின் ஏ-யும் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். சர்க்கரை இருப்பதால் மங்கலுக்கு விழித்திரை வீக்கமும் காரணமாக இருக்கலாம், அப்படியென்றால் லேசர் மட்டும் அடித்துப் பார்வை தெளியாது. கண் பாப்பாவை விரித்து உள்ளே முழுதும் பார்க்கச் சொல்லுங்கள். விரித்த பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அவரை டிவிஎஸ் ஓட்டிக்கொண்டு தனியாகப் போக விடாதீர்கள், நீங்களே கூட்டிப் போய்விட்டு வாருங்கள்.