பழைய றலி சைக்கிளின் ஹெட் கப்பைச் சரிசெய்ய எந்த ஸ்பனர் வேண்டும்?

கேள்வி – உவர்மலை, திருகோணமலை

வணக்கம். என் மாமனார் பாவித்த, கம்பிப் பிறேக் (வயருக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இயங்குவது) உள்ள 28 அங்குல றலி சைக்கிள் ஒன்றைத் துப்புரவாக்கி மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கிறேன். பின் சில்லின் ஸ்ரேமி ஆச்சர் ஹப்பில் (சில்லின் நடுப்பகுதியில்) 62 என்று பொறிக்கப்பட்டிருப்பதால், ஹப்பாவது 1962ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கொள்கிறேன். உவர்மலை இறக்கத்தில் முன் பிறேக்கைப் பிடிக்கும்போது ஹாண்டிலுக்குக் கீழே, முன் கவை குண்டுகளின் மேல் திரும்பும் ஹெட் கப் பக்கம், டக் டக் என்று ஓர் ஆட்டம் தெரிகிறது. நகரத்தில் ஒரு கடையில் காட்டியபோது, உளியை நட்டின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்கித் தந்தார்கள். சில நாட்களிலேயே பழையபடி ஆடத் தொடங்கிவிட்டது. நட்டின் இரண்டு மூலைகள் மழுங்கியதுதான் மிச்சம்.

இதற்கென்று மெல்லிய, அகன்ற வாயுள்ள ஸ்பனர்கள் இருப்பதாக அறிகிறேன். அவற்றின் அளவு என்ன? திருகோணமலையில் கிடைக்குமா, அல்லது கொழும்புக்குத்தான் போக வேண்டுமா? மீண்டும் உளியிடம் கொடுக்க மனமில்லை.

பதில் – கிண்ணியாவிலிருந்து

ஸ்பனர் தேடுவதற்கு முன், ஆடுவது ஹெட் கப்தானா என்பதை உறுதிசெய்து கொள்ளுங்கள். கம்பிப் பிறேக் வண்டிகளில், பிறேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது ஏமாற்றிவிடும். கம்பி மூட்டுகளிலும் பிறேக் கட்டைகளைத் தாங்கும் வளைவிலும் உள்ள தளர்வு அதே சத்தத்தைத் தரும். ஆகவே பிறேக்கைத் தொடாமல், முன் சில்லை முழுவதுமாக ஒரு பக்கம் திருப்பி நிலத்தில் ஊன்றி, சட்டத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். குறுக்காக நிற்கும் சில்லு உருளாது. அப்போது மற்றக் கையின் விரலை மேற்கப்பின் இடைவெளியிலும் பிறகு கீழ்க்கப்பின் இடைவெளியிலும் வைத்தால், தளர்வு எங்கே என்று விரலே சொல்லிவிடும்.

அடுத்து, முன் சில்லை நிலத்திலிருந்து தூக்கி ஹாண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு குழியில் விழுந்ததுபோல் நின்றால், குண்டுகள் பாதையில் பள்ளம் போட்டுவிட்டன என்று பொருள். அந்த நிலையில் எந்த ஸ்பனராலும் பயனில்லை. தளர்வு போகும்படி இறுக்கினால் திரும்பாது, திரும்பும்படி விட்டால் ஆடும். கப்புகளை மாற்றத்தான் வேண்டும்.

கடையில் இறுக்கியது ஏன் நிற்கவில்லை என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். மேலே இருப்பது ஒரு நட்டு அல்ல, இரண்டு உறுப்புகள். கீழே இருக்கும் மரை வளையம்தான் குண்டுகளின் மேல் அமர்ந்து இறுக்கத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. அதன் மேலுள்ள நட்டின் வேலை அந்த வளையத்தை நகராமல் பூட்டுவது மட்டுமே. இரண்டுக்கும் நடுவில் விளக்குத் தாங்கியும், உட்பக்கம் சிறு பல்லுள்ள ஒரு வாசரும் இருக்கும். அந்தப் பல் போர்க் குழாயின் (முன் கவையிலிருந்து சட்டத்தினுள் மேலேறும் குழாய்) காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், பொருந்துவதால், மேல்நட்டைத் திருப்பும்போது கீழ் வளையம் கூடவே சுற்றாது. முன்பு யாராவது கழற்றிப் பூட்டியபோது அந்த வாசரை விட்டுவிட்டிருந்தால், எத்தனை முறை இறுக்கினாலும் அளவு நழுவிக்கொண்டே இருக்கும்.

பதில் – சீனன்குடாவிலிருந்து, ஓய்வுபெற்ற ஃபிட்டர்

கிண்ணியாத் தம்பி சொன்னது சரி. நான் கருவியைப் பற்றி எழுதுகிறேன்.

பின்னாளில் வந்த ஓர் அங்குலப் போர்க் குழாய்களுக்குப் பெரும்பாலும் 32 மில்லிமீற்றர் ஸ்பனர் பொருந்தும். கடைகளில் சைக்கிளுக்கென்று விற்கப்படும் ஸ்பனரும் அதுதான். பழைய ஆங்கில வண்டிக்கு அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். முதலில் அளவெடுங்கள். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் பௌதிகவியல் ஆசிரியரிடம் வேணியர் இடுக்கிமானியைச் சற்று நேரம் இரவல் கேட்கலாம். மழுங்காத இரண்டு எதிர்ப்பக்கங்களுக்கு இடையே அளக்க வேண்டும், மூலைக்கு மூலை அல்ல.

மேல்நட்டுக்கு 12 அங்குல நீளமுள்ள, வாயை விரித்துச் சுருக்கும் ஸ்பனர் ஒன்று போதும். அதன் வாய் ஏறக்குறைய 34 மில்லிமீற்றர் வரை விரியும். 10 அங்குல ஸ்பனர் வழக்கமாக 30 அளவில் நின்றுவிடும் என்பதால் அதை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். ஸ்பனரின் வாயை நட்டோடு நன்கு நெரித்துப் பிடித்தால் மீதி மூலைகள் தப்பும்.

கீழ் வளையம்தான் சிக்கல். அதைப் பிடிப்பதற்கு எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு தட்டைப் பக்கங்கள் இருந்தால், அவை ஒடுக்கமானவை. சாதாரண ஸ்பனரின் தடிப்பு விளக்குத் தாங்கியில் இடிக்கும். அதற்கு 4 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில், ஒட்டு வேலை செய்யும் பட்டறையொன்றில் அளவுக்கு ஒரு வாயை வெட்டுவித்து, மிகுதியை அரத்தால் நீங்களே அராவிக் கொள்ளலாம். வெட்டும்போது அளவைக் கொஞ்சம் சிறிதாக வைக்கச் சொல்லுங்கள். அராவிப் பெருப்பிக்கலாம், சிறுப்பிக்க முடியாது. விளிம்பில் வெட்டுகள் இருந்தால் கொக்கி ஸ்பனர் வேண்டும். அதைச் சைக்கிள் கடையில் தேடாமல் மோட்டார் சைக்கிள் திருத்துபவர்களிடம் கேளுங்கள். ஹாண்டில் நட்டுக்கும் பின் ஸ்பிரிங் இறுக்கத்துக்கும் அவர்கள் அதைத்தான் பாவிக்கிறார்கள். இரண்டும் இல்லாமல் சொரசொரப்பாக மட்டும் இருந்தால் அது கையால் திருப்புவதற்கே செய்யப்பட்டது.

கேட்டவர் – உவர்மலை

இருவருக்கும் நன்றி. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி ஓர் இரவு விட்டு, காலையில் பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்தேன். கறுத்த கிறீஸும் துருவும் போன பின்னர் பார்த்தால், கீழ் வளையத்தில் தட்டைப் பக்கமும் இல்லை, வெட்டும் இல்லை. சுற்றிவர மெல்லிய கோடுகள் மட்டுமே உள்ளன. விளக்குத் தாங்கி இருக்கிறது. அதன் கீழ் வாசர் எதுவும் இல்லை. ஆனால் போர்க் குழாயில் காடி தெளிவாகத் தெரிகிறது. ஹாண்டில் சீராகத் திரும்புகிறது, எங்கும் குழியில் விழுவதில்லை. ஆட்டம் மேற்கப்பில்தான்.

பதில் – கிண்ணியாவிலிருந்து

அப்படியானால் நீங்கள் தேடிய மெல்லிய ஸ்பனர் உங்களுக்குத் தேவையே இல்லை ஐயா. தேவையானது அந்த வாசர். பழைய சைக்கிள்களைப் பிரித்து விற்கும் இடத்தில் கேட்டால் சும்மாவே தருவார்கள். இல்லையென்றால் ஃபிட்டர் ஐயாவின் வழியில் தகட்டிலிருந்து வெட்டிக்கொள்ளலாம், பல்லை மட்டும் காடிக்குப் பார்த்து அராவ வேண்டும்.

பூட்டும்போது வளையத்தைக் கையால் இறுக்கி, ஆட்டம் போனதும் ஏறக்குறைய எட்டில் ஒரு சுற்றுப் பின்னோக்கி விடுங்கள். இது பலர் செய்யாத வேலை. மேல்நட்டை இறுக்கும்போது அது மரையிலுள்ள தளர்வைத் தின்று வளையத்தைச் சற்றுக் கீழே அமுக்கும். முன்கூட்டியே இடம் விடாவிட்டால் ஹாண்டில் பிடித்துக்கொள்ளும். வளையம் கைக்கு வழுக்கினால் பழைய ரியூப்பில் ஒரு பட்டி வெட்டி அதைச் சுற்றிப் பிடியுங்கள். குறட்டால் பிடித்தால் அந்தக் கோடுகள் போய்விடும். வாசர் போட்ட பின் நட்டை இறுக்கும்போது வளையம் அசையக்கூடாது. அசைந்தால் பல் காடியில் உட்காரவில்லை.

பதில் – கொழும்பில் வசிக்கும் திருகோணமலைக்காரர்

மழுங்கிய மேல்நட்டை மாற்ற நினைத்தால் ஓர் எச்சரிக்கை. றலி தன் போர்க் குழாய்களில் அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது. மற்றவர்களின் ஓர் அங்குல உறுப்புகள் பெரும்பாலும் 24 மரை கொண்டவை. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. 24 மரை நட்டு முதற் சுற்றில் ஏறி, பிறகு இறுகும். துரு என்று நினைத்து ஸ்பனரால் வலிந்து திருப்பினால் குழாயின் மரையே அழியும். டாம் வீதிச் சைக்கிள் கடைகளுக்கு வருவதாக இருந்தால் பழைய நட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.  போர்க் குழாயில் கையால் முழுவதும் ஏறும் நட்டைத் தவிர வேறொன்றை ஏற்காதீர்கள். என் கருத்தில், இரண்டு மூலை மழுங்கிய நட்டு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அதை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

பதில் – சீனன்குடாவிலிருந்து

குண்டுகளை வெளியே எடுத்தால் மேல் வளையத்தின் கீழ் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். அவை 5/32 அங்குலம், சிந்தினால் தேடிப் பிடிக்க முடியாது. புதிதாகப் போடுவதானால் ஒன்றிரண்டை மட்டும் மாற்றாமல் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள். கிறீஸுக்கு, மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களுக்குப் பூசும் வகையைக் கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்றில் சாதாரண கிறீஸைவிட அது நீரை நன்றாகத் தடுக்கும். கீழ்க்கப்புக்குச் சற்றுத் தாராளமாகவே வையுங்கள், முன் சில்லு வாரியடிக்கும் மழைத்தண்ணீர் முதலில் சேர்வது அங்கேதான்.