ஐஸ் மழைக்கு அடுத்த நாள் கத்தியோடு இறங்காதீர்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் கனடாவுக்கு, ரொறன்ரோ வரப்போகும் மருமகன் நேற்று கேட்டான்: "மாமா, ஸ்னோ கொட்டினால் என்ன செய்யிறது?" ஸ்னோவை விடு, குளிர்காலத்தில் பெய்யும் மழைக்குப் பயப்படு என்றேன். புதிதாக வந்திருக்கும் மற்றத் தம்பி தங்கச்சிமாருக்கும் அதுதான் சொல்ல இருக்கிறது.

மேலிருந்து மழையாகவே விழும். தரையை ஒட்டிய காற்று பூச்சியத்துக்குக் கீழே இருப்பதால் பட்ட இடத்திலேயே உறைந்து கிளை, கம்பி, கார் எல்லாவற்றையும் கண்ணாடி போல மூடிவிடும். 2013 டிசம்பர் 22 விடியற்காலை, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் படார் படார் என்று சத்தம். யாரோ வெடி கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். பாரம் தாங்காமல் மேப்பிள் கிளைகள் முறிந்துகொண்டிருந்தன. ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. நத்தார் கழிந்தும் சில தெருக்கள் இருட்டு.

1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்புத் தென்னைகள் சாய்ந்தபோது, கத்தி கோடாரியோடு இறங்கித்தான் பாதை திறந்தார்கள் என்று அம்மா சொல்லுவா. அதே நினைப்பில் நானும் இறங்கினேன். பக்கத்து வீட்டுக் கிழவர் ஜன்னலைத் திறந்து கத்தினார். முறிந்த கிளைக்குள் கரண்ட் கம்பி! விழுந்த கம்பியில் கரண்ட் இருக்காது என்று நம்பாதீர்கள், 10 மீற்றர் தள்ளியே நில்லுங்கள். தெருவோர மரம் நகரசபையுடையது, அதன் 311 நம்பருக்குப் போன் எடுங்கள். ரொறன்ரோவில் உங்கள் வளவில் நிற்கும் மரத்துக்கும், தண்டு 30 சென்ரிமீற்றர் விட்டம் இருந்தால், வெட்ட அனுமதி வேண்டும். கிளையை உலுக்கி ஐஸை விழுத்தவும் வேண்டாம், சட்டென்று முறியும். கரைய விட்டால் வளைந்த மரங்களில் பல தானாக நிமிரும்.

வீட்டுச் சுவரில் கம்பி வந்து சேரும் குழாய் பிய்ந்திருந்தால் அது வீட்டுக்காரர் செலவு. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் திருத்தாமல் இணைப்புத் தரமாட்டார்கள். தெரு முழுக்க வெளிச்சம் வந்த பிறகும் எங்கள் வீடு மட்டும் இரண்டு நாள் இருட்டாகக் கிடந்தது இதனால்தான்.

குளிருக்காகக் கரி அடுப்பையோ பாபிக்யூவையோ உள்ளே கொண்டுவராதீர்கள். நம் ஊர் அடுப்படியில் ஓட்டு இடுக்கால் புகை போய்விடும், அங்கே வீடு மூடிய பெட்டி. எரியும்போது வரும் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. ஜெனரேட்டரைக் கராஜுக்குள்ளும் ஓடவிடக்கூடாது. தாங்க முடியாவிட்டால் நகரசபை திறக்கும் சூடான மண்டபத்துக்குப் போங்கள். அதில் என்ன வெட்கம், சூறாவளிக்குப் பிறகு நம்மவர்கள் பள்ளிக்கூடங்களில் படுக்கவில்லையா?