தம்பிக்கு டுபாயில் ஜொக்கி வேலையாம்: ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

வெள்ளவத்தை_அக்கா கேட்கிறார்:

என் தம்பிக்கு 20 வயது. உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான். போன சித்திரைக்கு நுவரெலியாவில் மாமா வீட்டில் நின்றவன், ரேஸ் கோர்ஸில் குதிரைகளை நடத்திக்கொண்டு போகிற வேலைக்குப் போனான். அதிலிருந்து வேறு பேச்சே இல்லை. ஆள் 51 கிலோ. ரேஸில் குதிரை ஓட்டுகிற ஜொக்கிக்கு எடை குறைந்த ஆள்தான் வேண்டுமாம். "எனக்கு ஜொக்கி உடம்பு அக்கா" என்று கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறான். இப்போது மருதானைப் பக்கம் ஒரு ஏஜென்ட், டுபாயில் ஜொக்கி வேலை எடுத்துத் தருகிறேன் என்று முற்பணம் கேட்கிறார். பாஸ்போட்டையும் கையோடு கொண்டுவரச் சொன்னாராம். அம்மா ரேஸ் என்ற சொல்லைக் கேட்டாலே அழுகிறார். இந்தத் துறையில் உண்மையில் என்ன வேலை இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொச்சிக்கடை_வாசி:

அம்மா அழுவதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தெருவில் ரேஸுக்குப் பந்தயம் கட்டுகிற புக்கி கடையில் பின்னேரம் ஆனால் இங்கிலாந்து ரேஸ் டிவியில் ஓடும். சம்பளத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போன ஆட்களை எனக்குத் தெரியும். கொழும்பு ரேஸ் கோர்ஸ் இருந்த ரீட் மாவத்தையில் குதிரை ஓடுவது 1956ஓடு நின்றது. இப்போது அங்கே ரக்பியும் கடைகளும்தான். கொழும்பில் இருந்துகொண்டு ரேஸில் தொழில் தேடுவதென்றால் புக்கி கடையில் டிக்கெட் எழுதுவது ஒன்றுதான் மிச்சம்.

பழைய_சைஸ்:

கொச்சிக்கடை அண்ணன் சொல்வது புக்கியைப் பற்றி. தங்கச்சி கேட்பது குதிரையைப் பற்றி. நான் நுவரெலியாக்காரன், அங்கே சைஸாக, அதாவது லாயத்தில் குதிரை பராமரிக்கிறவனாக, இருந்துவிட்டு டுபாயிலும் வேலை செய்தேன். இப்போது கொழும்புக்கு வெளியே ஒரு குதிரையேற்றப் பள்ளியில் குதிரைகளைப் பார்க்கிறேன்.

முதலில் அந்த ஏஜென்ட். டுபாயில் யாரும் புதுப் பையனை ஜொக்கியாக எடுப்பதில்லை. அங்கே ஓட்டுகிறவர்கள் வேறு நாட்டில் லைசன்ஸ் எடுத்து, ஜெயித்துக் காட்டிவிட்டு வந்தவர்கள். டுபாய் வேர்ல்ட் கப்பின் பரிசுத் தொகையே 12 மில்லியன் டொலர். அந்த மாதிரிக் குதிரைகள் நிற்கிற நாட்டில், போன சித்திரைக்குக் கயிறு பிடித்த பையனிடம் ஓட்டக் கொடுப்பார்களா? எனக்கும் இப்படித்தான் ஒருவர் "ரைடர்" என்று எழுதிக் கொடுத்தார். இறங்கிய அன்றைக்குக் கையில் வந்தது சாணி அள்ளுகிற முள்ளுக்கரண்டி. சைஸ் வேலை கேவலமில்லை, ஆனால் சைஸ் என்று சொல்லியே அனுப்பியிருக்கலாம். பாஸ்போட் கொப்பி மட்டும் கொடுங்கள். ஏஜென்சியின் லைசன்ஸ் இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பாருங்கள், அந்த வேலைக்கு ஆள் கேட்கிற ஓடர் அங்கே அனுமதி பெற்றதா என்றும் கேளுங்கள். பணியகத்தின் 1989 நம்பருக்கு அடித்தால் போதும்.

சரி, சைஸ் வேலை என்ன? விடிய முன் எழும்ப வேண்டும். லாயத்துக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது தீன் தொட்டியை. இரவு போட்டது மிச்சம் இருந்தால் குதிரைக்கு ஏதோ சரியில்லை. அப்புறம் குனிந்து நான்கு காலையும் புறங்கையால் தடவ வேண்டும், முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத் தசைநார் ஓடுகிற இடத்தில். ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை, ட்ரெயினருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்தத் தசைநார் ஓட்டத்தில் போகும். குதிரை திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தால், காலால் நிலத்தைப் பறித்தால், வயிற்று வலி. அதில் அரை மணி நேரம் பிந்தினாலும் ஆபத்து. இதைக் கண்டுபிடிக்கிற சைஸை எந்த ட்ரெயினரும் விடமாட்டார். ஒருவருக்கு மூன்று, நான்கு குதிரை வரும். டுபாயில் கோடையில் லாயத்துக்கு ஏசி இருக்கும், எங்கள் ரூம் ஏசி ஒழுகும்.

ஜொக்கி கனவு பற்றி: 51 கிலோ இன்றைக்கு. 25 வயதில்? ரேஸ் நடக்கும்போது குதிரைகளுக்குப் பின்னால் அம்புலன்ஸ் சும்மா ஓடவில்லை. நுவரெலியாவிலேயே சீசனுக்கு இந்தியாவிலிருந்து ஜொக்கிகளை எடுப்பார்கள், குதிரைகளிலும் பல அங்கிருந்து வந்தவைதான்.

இன்னொன்று, இது பெரிய விஷயம். ரேஸ் கோர்ஸ் எல்லாம் நகரத்து நடுவில் நல்ல காணியில் இருக்கிறது, அரசாங்கங்கள் அதைத் திருப்பிக் கேட்கின்றன. மக்காவுவில் 2024 மார்ச்சோடு முடிந்தது. சிங்கப்பூர் கிராஞ்சியில் அதே ஆண்டு ஒக்டோபர் 5 கடைசி ரேஸ், 1842இல் தொடங்கிய கிளப், காணியில் வீடு கட்டப் போகிறார்கள். சென்னை கிண்டியில் 2024 செப்டெம்பரில் குத்தகையை இரத்துச் செய்து கேட்டை சீல் வைத்தார்கள். வாடகை பாக்கி மட்டும் 730 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் என்று அரசு கணக்குச் சொன்னது. இந்தியாவில் பந்தயக் காசு முழுவதற்கும் 2023 ஒக்டோபரில் 28 வீதம் வரி வந்தது, 2025இல் அது 40 ஆனது. பிரித்தானியாவில் 2025 செப்டெம்பர் 10 வரி உயர்வுக்கு எதிராக ஒரு நாள் ரேஸையே நிறுத்தினார்கள்.

ஆகவே ரேஸ் கோர்ஸை நம்பித் தொழில் பழகாமல், குதிரையை நம்பிப் பழகினால் நல்லது. லாடம் அடிக்கிறவரைப் பாருங்கள். போலோ, பொலிஸ் குதிரை, குதிரையேற்றப் பள்ளி, எங்கே குதிரை நின்றாலும் ஆறு வாரத்துக்கொரு தடவை அளவில் அவர் வரத்தான் வேண்டும். இங்கே அந்த வேலை ஒழுங்காகத் தெரிந்தவர்கள் குறைவு.

பேராதனை_டொக்டர்:

பழைய சைஸ் சொன்ன கால் சூட்டுப் பரிசோதனையை எங்கள் கடைசி வருட மாணவர்கள் சிலர் இன்னும் சரியாகச் செய்வதில்லை. ஒன்று சேர்க்கிறேன். தம்பி உயிரியல் பிரிவு என்றால் ரிசல்ட் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். மிருக வைத்தியப் பீடம் நாட்டில் பேராதனையில் மட்டும்தான். படிப்பில் மாடும் நாயும்தான் அதிகம், குதிரை கொஞ்சம். வெளிநாட்டில் மேற்கொண்டு குதிரை மருத்துவம் செய்யலாம். வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டாலும் லாடம், சைஸ் வேலை எங்கேயும் ஓடிப்போகாது.

வெள்ளவத்தை_அக்கா:

நன்றி எல்லோருக்கும். பணியகத்துக்கு அடித்தேன். அந்தப் பெயரில் லைசன்ஸே இல்லையாம். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறான். லாடம் என்றதும் "அது ஆசாரி வேலை" என்கிறான். ரிசல்ட் வரும்வரை வீட்டில் வைத்திருப்பதும் கஷ்டம். அண்ணா, உங்கள் பள்ளியில் சும்மா வந்து பார்க்க விடுவீர்களா?

பழைய_சைஸ்:

பார்க்க விடமாட்டேன், வேலை செய்ய விடுவேன். சம்பளம் இல்லை, பிளேன்டியும் பணிஸும் உண்டு. வழியைத் தனிச் செய்தியில் போடுகிறேன். ஞாயிறு காலை ஐந்தரைக்கு நிற்கச் சொல்லுங்கள், எங்கள் லாடக்காரர் அன்றைக்குத்தான் வருகிறார். அவருக்குக் கால் பிடித்துக் கொடுக்கட்டும். சப்பாத்து போட்டு வரவேண்டும், செருப்போடு வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவேன்.