பைபிளில் வரும் எந்த உவமை உங்களை இன்னும் விடவில்லை?

மட்டப்பலகை

மத்தேயு 20. திராட்சைத்தோட்டக் கூலியாட்கள். சின்ன அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன், அதனால் எனக்கு அந்தக் கதை ஆகவே ஆகாது. விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி என்றால் மறுநாள் காலையில் எவன் வருவான்?

போன ஆடியில் ஒரு நாள் சித்தாள் வரவில்லை. 11.30 மணிக்கு, ஆட்கள் நிற்கும் முக்குக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். காலையில் கூட்டம் நெரியும் இடம். அந்நேரத்துக்கு மூன்று பேர்தான். ஒருவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தூக்குவாளி திறக்காமல் காலடியில் இருந்தது. "இவ்வளவு நேரம் ஏன் நிக்கிறீங்க, வீட்டுக்குப் போகலாம்ல?" என்றேன். "யாரும் கூப்பிடலை சார்" என்றார்.

அப்படியே 7ஆம் வசனம்! 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை.' அந்தக் கடைசி ஆட்கள் தூங்கி எழுந்து லேட்டாக வந்த சோம்பேறிகள் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். காலையிலிருந்து வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்திருப்பார். இளவட்டங்களை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஏழு மணிக்கு நான் வந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சாயங்காலம் அரை நாள் கூலி கொடுத்தேன். கணக்கு சரிதான். அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் துண்டு முனையில் முடிந்துகொண்டார்.

மூத்தவள்

எனக்குக் கெட்ட குமாரன். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவன் இல்லை, அவனுக்கு அப்பா விருந்து வைத்தாரே என்று கோபித்துக்கொண்டு வெளியே நின்ற மூத்தவன்.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து 14 மாதம் நான்தான் பார்த்தேன். அந்த 14 மாதத்தில் தம்பி துபாயிலிருந்து பேசியது எத்தனை தடவை என்று விரல் விட்டுச் சொல்லிவிடுவேன். ஒரு நாள் திடீரென்று வந்து நிற்கிறான். படுக்கையிலிருந்தே அம்மா, "சீலா மீன் வாங்கு, அவனுக்குப் பிடிக்கும்" என்கிறார். நான் அடுப்படியிலிருந்து, "உங்க மகன் வந்துட்டார்ல, இனி அவரே பாத்துக்கட்டும்" என்றேன்.

சொன்ன வாய் மூடவில்லை, எங்கோ கேட்ட வாக்கியமாக இருந்தது. லூக்கா 15. மூத்தவன் 'என் தம்பி' என்று சொல்லவே மாட்டான். 'உம்முடைய குமாரனாகிய இவன்' என்பான். தகப்பன் அதைத் திருப்பி, 'உன் சகோதரனாகிய இவனோ' என்பார்.

அப்புறம் டக், டக் என்று சத்தம். அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுப்படி வாசல்வரை வந்துவிட்டார். அதுவரை பாத்ரூமுக்குக்கூட நான் பிடித்துத்தான் கூட்டிப்போவேன்.

உக்கிராணம்

மட்டப்பலகை அண்ணன் மன்னிக்கணும். அந்த உவமையைக் கூலிப் பிரச்சினையாகப் பார்ப்பதே தவறு. முந்தின அதிகாரத்தின் முடிவைப் பாருங்கள். 'எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்' என்று பேதுரு கேட்கிறார். அதற்குத்தான் இந்தக் கதை. கதையில் கடைசி ஆட்கள் வந்த பதினோராம் மணி என்பது நம்முடைய 11 மணியும் இல்லை. சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் சாயங்காலம் 5 மணி. இன்னும் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். உங்கள் ஆள் 11.30க்கு வந்தவர், அவர் ஆறாம் மணிக்காரர்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்கிறேன். உவமையில் வருகிற ஒவ்வொரு பொருளுக்கும் அர்த்தம் தேடாதீர்கள். நல்ல சமாரியன் கதையில், அடிபட்டுக் கிடந்தவனை யூதர்கள் வெறுத்த ஒரு சமாரியன் தூக்கிக்கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரம்தான் திருச்சபை, சத்திரத்தான்தான் அப்போஸ்தலர் பவுல் என்று பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீனாரே விளக்கியிருக்கிறார். அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்த ஆசை விடவில்லை. அதனால் முதலில், யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். அடுத்தது, கேட்டவன் என்ன பதில் சொன்னான் என்று பாருங்கள். 'பிறன் யார்' என்று கேட்டு அந்தக் கதையைச் சொல்லவைத்த நியாயசாஸ்திரிக்கு, அதாவது யூதச் சட்டம் படித்தவனுக்கு, கடைசியில் 'சமாரியன்' என்ற சொல்லே வாயில் வரவில்லை. 'அவனுக்கு இரக்கஞ்செய்தவனே' என்று சுற்றி வளைத்துவிடுகிறான். பைபிளின் பழைய மொழிபெயர்ப்போடு பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒரு நோட்டுப் போட்டுக் குறித்து வையுங்கள்.

என் அனுபவமா? லூக்கா 16, அநீதியுள்ள உக்கிராணக்காரன். எஜமானுடைய சொத்தைப் பார்த்துக்கொண்ட நிர்வாகி, வேலை போகப்போகிறது என்றதும் கடன்காரர்களின் கணக்கைக் குறைத்தவன். நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்று எழுதச் சொன்னவனை எஜமான் ஏன் மெச்சினான்? முப்பது வருஷம் கணக்கு எழுதினேன். ஒரு தடவை நானும் ஒருவருடைய பாக்கியைக் குறைத்து எழுதினேன். மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்

உக்கிராணம் ஐயா, எங்கள் வகுப்பில் நோட்டுப் போட்டுக் கேட்கிற பிள்ளைகள் கிடையாது :)

என்னுடையது இயேசு சொன்ன உவமை இல்லை, அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி சொன்னது. 2 சாமுவேல் 12. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்த கதை. 'நீயே அந்த மனுஷன்' என்று கை நீட்டிச் சொல்வதற்காக நான் குரலையெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அதற்கு முன்னாலேயே, 'அவன் பாத்திரத்திலே குடித்து' என்ற இடத்தில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்க குட்டியும் என் டம்ளர்லதான் குடிக்கும்" என்றான்.

அடுத்த ஞாயிறு கோயில் அசனம், சபையார் எல்லோருக்கும் விருந்து. அவர்கள் வீட்டில் நேர்ந்துவிட்டிருந்தது அந்தக் குட்டியைத்தான். எனக்கு அது தெரியாது.

அசனப் பந்தியில் அவன் என் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தான். இலையில் சோறும் கறியும் அப்படியே இருந்தன. "ராஜா நாலு மடங்கு திருப்பிக் குடுக்கணும்னு சொன்னாருல்ல டீச்சர், அந்தக் குட்டியே திரும்பி வருமா?" என்று கேட்டான். நான் பக்கத்தில் இருந்தவரிடம் தண்ணீர் கேட்டேன்.

நான் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மட்டப்பலகை

உக்கிராணம் ஐயா, ஆறாம் மணிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். கதையில் அவருக்கும் முழுப் பணம்தானே? அப்புறம் இரண்டு தடவை அந்த முக்குப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை.

உக்கிராணம்

அது சரிதான். மூத்தவள் அம்மா, கதையில் மூத்தவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. நீங்கள் போனீர்களா?

மூத்தவள்

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைத்துவிட்டுப் போனேன்.