குடும்பக் குழு: தொட்டியில் பவளம் வெளுத்த கதை

கார்த்தி: நோம்பிக்கு ஊருக்குப் போன நாலு நாளில் இங்கே ஈரோட்டில் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் தொட்டித் தண்ணீர் 31 டிகிரி. மீனுக்கு ஒன்றும் இல்லை, லெதர் கோரல் என்கிற மென்பவளம்தான் துவண்டு கிடக்கிறது, ஸோவா என்கிற பொத்தான் பவளமெல்லாம் வெளுத்து மூடிக்கொண்டது.

அமுச்சி: செத்துருச்சா சாமி?

நித்யா: வெளுத்தால் செத்தது என்று இல்லைங் அமுச்சி. அதன் உடம்புக்குள் குடியிருக்கிற பாசிதான் அதற்குச் சோறும் நிறமும் கொடுக்கிறது, சூடு ஏறினால் அதையே வெளியே தள்ளிவிடும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவிலும் இப்படித்தான் வெளுத்தது. கார்த்தி, அழுகின நாற்றம் அடிக்கிறதா?

கார்த்தி: இல்லைங்க்கா. லெதர் மேல் மெழுகு மாதிரி ஒரு தோல் உரிந்து தொங்குகிறது.

நித்யா: அது உரிக்கும், கையால் பிய்க்காதே. பம்பை லேசாக அந்தப் பக்கம் திருப்பு, தானே கழன்று போகும். தண்ணீரின் உப்பு அடர்த்தி எவ்வளவு?

கார்த்தி: 1.027. தண்ணீர் ரெண்டு விரல் இறங்கியிருக்கிறது. உப்பு கலக்கி ஊற்றட்டுமா?

நித்யா: ஐயோ வேண்டாம்! ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயேதான் இருக்கிறது. வெறும் ஆர்.ஓ. தண்ணீரை இன்றைக்கும் நாளைக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 1.025க்குக் கொண்டு வா. தண்ணீர் பாட்டிலை ஃப்ரீஸரில் உறைய வைத்து மூடியோடு மிதக்க விடு, ஒரு நாளைக்கு ஒரு டிகிரி இறங்கினால் போதும், 26 வந்ததும் நிறுத்திவிடு. லைட்டைப் பாதியாக்கு, ரெண்டு வாரம் கழித்து மெல்ல ஏற்று. கார்பன், அதுதான் வடிகட்டிக் கரி, ஒரு பை போடு, லெதர் நொந்தால் விஷம் விடும். மொத்தத் தண்ணீரையும் மாற்றுகிற வேலை வைத்துக்கொள்ளாதே.

மாமா: போர் தண்ணி டேங்க் நிறைய இருக்கே மாப்பிள்ளை?

நித்யா: அந்தத் தண்ணியில் பருப்பே வேகாதுங் மாமா, பவளம் எங்கே பிழைக்கும்?

மாமா: சரி, ராமேஸ்வரம் போறப்ப ஒரு துண்டு புதுசா வாங்கிட்டு வர்றேன்.

நித்யா: கல் பவளமென்றால் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணைங் மாமா. புலி இருக்கிற அதே பட்டியல். சும்மா கிடங்க.

*பத்து நாள் கழித்து*

கார்த்தி: அக்கா, ஃபோட்டோ பாருங்க. ஸோவா மூன்று விரிந்திருக்கிறது. லெதர் ஓரத்தில் கடுகு கடுகாக விரல் நீட்டுகிறது.

நித்யா: அப்படியே விடு. கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வை, மறக்காதே.

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும். பாட்டில் வைக்கிறேன் என்று ஃப்ரீஸரில் இருந்த தேங்காய்த் துருவலை எங்கடா எடுத்து வைத்தாய்?