வடக்கு உகாண்டாவில் பள்ளிக்கூடம் கட்டும் தன்னார்வப் பணி: கட்டடக்கலை மாணவி போகலாமா?

கேள்வி (நான்காம் ஆண்டு மாணவி)

அனைவருக்கும் வணக்கம். நான் பி.ஆர்க். படிக்கிறேன். வரும் ஜூன், ஜூலை மாதங்களில் உகாண்டாவின் குலு நகருக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளிக்கு வகுப்பறைகள் கட்டும் பணியில் சேர ஒரு தொண்டு அமைப்பு அழைத்திருக்கிறது. விமானக் கட்டணம் போக, தங்குமிடத்துக்கும் நன்கொடைக்குமாக ஒரு பெருந்தொகையை நாங்களே கட்ட வேண்டும். சிமெண்ட் கலந்து அழுத்திய மண் கற்களால் சுவர் எழுப்புவார்கள் என்றும், கல் அறுப்பதிலும் சுவர் கட்டுவதிலும் மாணவர்கள் உதவலாம் என்றும் சொல்கிறார்கள். வரைபடம் போட்டது யார் என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை. கடன் வாங்கியாவது அனுப்புகிறேன் என்று அப்பா சொல்வதால் தயக்கம் கூடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன்படும் வேலையா இது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

மறுமொழி 1 (கட்டடக் கலைஞர்)

தங்கைக்கு வணக்கம். வரைபடம் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். குலுவில் கொத்தனார்களுக்குப் பஞ்சமில்லை; தேர்ந்த கொத்தனார் ஒருவர் நூல் பிடித்து ஒரு நாளில் எழுப்பும் சுவரை, கரண்டி பிடித்துப் பழகாத நான்கு மாணவர்கள் சேர்ந்தாலும் எழுப்ப முடியாது. உங்கள் பயணச் செலவு அங்கே பலருக்குப் பல நாள் கூலியாகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பருவமும் இடிக்கிறது. தலைநகர் கம்பாலா பக்கம் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். வடக்கிலோ ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரே நீண்ட மழைக்காலம். ஈர மண்ணைச் சலிக்க முடியாது. அச்சிலிருந்து எடுத்த பச்சைக் கல்லை நிழலில் அடுக்கி, மூடி, சில வாரங்கள் ஈரம் காயாமல் பதப்படுத்த வேண்டும். அதன் மேல் ஒரு பெருமழை அடித்தால் விளிம்புகள் கரைந்துவிடும். மற்றபடி மண் கல் நல்ல தேர்வுதான். அங்கே செங்கல் சூளைகளுக்காக மரங்கள் ஏராளமாக வெட்டப்படுகின்றன; இந்தக் கல்லுக்கு விறகே வேண்டாம்.

மறுமொழி 2 (ஆசிரியர், கட்டடக்கலைக் கல்லூரி)

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மாணவர் என்பதே தடை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கேரே பெர்லினில் படித்துக்கொண்டிருந்தபோதே நிதி திரட்டி, 2001இல் புர்கினா ஃபாஸோவில் தம் சொந்த ஊரான காண்டோவில் பள்ளியைக் கட்டி முடித்தார். மண் கல்லால் ஆன உட்கூரைக்கு மேலே இடைவெளி விட்டுத் தகரக் கூரையைத் தூக்கி நிறுத்தியதால், தகரத்தின் வெப்பம் அறைக்குள் இறங்காமல் காற்றோடு போய்விடுகிறது. ஊர் மக்களே கட்டினார்கள். கற்ற தொழில் அவர்களிடமே தங்கியது. 2022இல் அவருக்குக் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. அவர் அந்த ஊர்ப் பிள்ளை, நீங்கள் விருந்தாளி; இந்த வேறுபாடு பெரியது. ஆகவே அங்கே இல்லாத ஏதேனும் ஒரு திறமையைக் கொண்டுபோங்கள். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தில் பயிற்சி தருகிறார்கள்; அங்கே பொதுவாக 5 விழுக்காடு சிமெண்ட் சேர்த்துக் கல் அழுத்துவார்கள். கண்ணாடிக் குடுவையில் மண்ணும் நீரும் விட்டுக் குலுக்கி வைத்தால், மணல் முதலில் அடியில் படியும், களிமண் கடைசியில் தங்கும். அந்த அடுக்குகளை அளந்து மண்ணின் தன்மையைக் கணிக்கக் கற்றுக்கொண்டு போனால் தளத்தில் உங்களுக்கு வேலை இருக்கும்.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: வரைபடத்தில் இடிதாங்கி உண்டா? 2011 ஜூனில் உகாண்டாவின் கிரியாண்டோங்கோ பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியின் மீது இடி விழுந்து 18 பிள்ளைகள் உயிரிழந்தார்கள். இடி மிகுந்த அந்த நாட்டில் தகரக் கூரை போட்ட பள்ளிக்கு இடிதாங்கி வைக்காமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

மறுமொழி 3 (பயணம் செய்து வந்தவர்)

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள். உகாண்டாவுக்குள் நுழையவும், திரும்பும்போது இந்திய விமான நிலையத்திலும் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அது செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் புறப்படும் முன்பே தொடங்குங்கள்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. அமைப்பு இன்று வரைபடத்தை அனுப்பியது. கம்பாலாவில் உள்ள ஒரு கட்டடக் கலைஞர் வரைந்திருக்கிறார். அது எனக்கு நிறைவளிக்கிறது. ஆனால் மண் பரிசோதனை பற்றியும், கற்களை மூடி வைக்கும் கொட்டகை பற்றியும் ஒரு வரிகூட இல்லை, இடிதாங்கியும் காணவில்லை. மூன்றையும் குறிப்பிட்டு அவருக்கே எழுதியிருக்கிறேன். மழை ஓயும் டிசம்பர் விடுமுறைக்குப் பயணத்தை மாற்ற இயலுமா என்றும், நன்கொடைத் தொகையைக் கொத்தனார் கூலிக்கு எனக் கணக்குக் காட்டுவார்களா என்றும் அமைப்பிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை அப்பாவைக் கடன் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆரோவில் பயிற்சிக்கு இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன்.